ஒரு படி சாமை

எங்கள் தகப்பனார் கள்ளக்குறிச்சியில் எங்கள் சபையின் பொக்கிஷதாரராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தார். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. பூட்டுச் சரியாக விழாத ஒரு தகரப் பெட்டியும், முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய ஒரு நீளமான கணக்குப் புத்தகமுமே அதன் சின்னங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சனங்கள் வேப்பமரத்தடியில் நின்று ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொண்டிருக்கும் வேளையில், கோயிற்பிள்ளை காணிக்கைப் பைகளைக் கொணர்ந்து மேசைமீது கவிழ்க்க, நாணயங்களை இனம் பிரித்துச் சிறு தூண்கள்போல் அடுக்கி, இருமுறை தாம் எண்ணி, மூன்றாம் முறை என்னை எண்ணச் சொல்லி, மூன்றும் ஒத்துவந்த பிறகே அவர் பேனாவின் மூடியைக் கழற்றுவார். பள்ளிக்கூடத்தில் கற்ற கணக்கில் பெரும்பகுதி மறந்துபோயிற்று; அந்த மேசையில் கற்றது மறக்கவில்லை.

செலவுப் பக்கத்தில் அவர் மூன்று பத்திகள் வகுத்திருந்தார். முதலாவது உள்ளூர் தருமம். இரண்டாவது மலை ஊழியம். மூன்றாவது தூரதேசக் காணிக்கை. வரவுப் பக்கத்தில், கொண்டுவந்தது ஒரு பிடி அரிசியே ஆயினும், கொண்டுவந்தவர் பெயர் தவறாமல் இருக்கும். செலவுப் பக்கத்திலோ பெற்றவர் பெயர் எதுவும் இராது. 'ஒரு விதவைக்கு அரிசி', 'ஒரு பிள்ளைக்குச் சிலேட்டு', 'நோயாளி ஒருவருக்கு வண்டிக் கூலி' என்று இவ்வளவே எழுதுவார். ஒருமுறை கணக்குத் தணிக்கைக்கு வந்த பெரியவர் ஒருவர், பெயரில்லாத செலவை எவ்வாறு ஒப்புக்கொள்வது என்று ஆட்சேபித்தபோது, எப்போதும் தாழ்ந்த குரலில் பேசும் எங்கள் தகப்பனார், "இந்தப் புத்தகத்தை நாளைக்கு அவருடைய பேரனும் புரட்டிப் பார்ப்பான், ஐயா" என்றார். தணிக்கையாளர் சிறிது நேரம் சும்மா இருந்து, பிறகு கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

எங்கள் சபை ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ஊரார் எங்களை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. தென்னார்க்காடு முழுவதிலும் போலவே இங்கும் நாங்கள் 'டேனிஷ் மிஷன்காரர்'தாம். டென்மார்க்கு தேசத்து அரசன் அனுப்பிய சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய வரலாறு தமிழ் கிறிஸ்தவர் எல்லாரும் அறிந்தது. எங்கள் கதை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், தரங்கம்பாடியை டேனிஷ்காரர் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப்போன பிறகு தொடங்குகிறது. சபைக்குள் சாதி வழக்கத்துக்கு இடங்கொடுக்கலாமா என்ற பெரிய வாதத்தில் லைப்சிக் மிஷனை விட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானியர், 1861இல் கடலூர்ப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் குடியேறி, அவ்விடத்துக்குப் பெத்தானியா என்று பெயரிட்டு ஊழியத்தை ஆரம்பித்தார். 1821இல் டென்மார்க்கில் ஸ்தாபிக்கப்பட்டிருந்த மிஷன் சங்கம் அவரை ஆதரித்தது. அங்கிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று ஒவ்வோர் ஊராகப் பள்ளிகளும் ஆலயங்களும் எழும்பின.

இந்த வரலாற்றில் எங்கள் தகப்பனார் திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. ஓக்ஸ் பட்டாம்பாக்கத்தில் கூரை வேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1864ஆம் ஆண்டு, டென்மார்க்கு தேசம் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் யுத்தம் செய்து தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஷ்டைன் ஆகிய பிரதேசங்களை இழந்து, இருபது லட்சத்துக்கும் குறைவான ஜனங்களையுடைய மிகச் சிறிய தேசமாகச் சுருங்கிப்போயிற்று. அப்படித் தோற்றுப்போன தேசத்தின் குடியானவர்களும், மீனவர்களும், அவர்கள் வீட்டு ஸ்திரீகளும் சேர்த்தனுப்பிய பணத்தில்தான் நம்முடைய பாட்டன்மார் எழுத்துக் கற்றார்கள் என்று சொல்லிவிட்டு, "வெள்ளைக்காரன் எல்லாம் பணக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே" என்று முடிப்பார். வெள்ளைக்காரர் எல்லாரும் ஆங்கிலேயர் என்றே எண்ணியிருந்த எனக்கு, அவர்களிலும் தோற்றவர் உண்டு, ஏழைகள் உண்டு என்பது பெரும் ஆச்சரியமாக இருந்தது.

அவர்கள் அனுப்பிய பார்சல்களைப் பிரிக்கும் நாள் எங்களுக்கு ஒரு திருநாள். தையல் போட்ட கித்தான் மூட்டையை, நாங்கள் ஐயர் என்று அழைக்கும் சபைக் குருவின் வீட்டுக் கூடத்தில் கோயிற்பிள்ளை கத்தியால் கீறும்போதே உள்ளிருந்து ஒரு வாசனை வரும். கற்பூரமும் சவுக்காரமும் கலந்தாற்போன்ற, நம் தேசத்தில் இல்லாத ஒரு குளிர்ந்த வாசனை. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் இருக்கும். ஞாயிற்றுப் பள்ளியில் வசனம் ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்கு அவை வெகுமதி. பென்சில்கள் இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில், நூலால் பின்னிச் சுருட்டி ஊக்குக் குத்திய வெள்ளைப் பட்டிகள் டஜன் டஜனாக அடுக்கப்பட்டிருக்கும். குஷ்டரோகிகளின் புண்களுக்குக் கட்டுவதற்காக அத்தேசத்துக் கிழவிகள் பனிக்கால இரவுகளில் உட்கார்ந்து பின்னுவார்கள் என்றும், நெய்த துணியைப்போலன்றி இவற்றை எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் பிரியாமல் மறுபடி பயன்படும் என்றும் ஐயரம்மா சொல்வார்கள். ஒரு பட்டியின் ஓரத்தில் சிவப்பு நூலால் இரண்டு எழுத்துகள் பின்னப்பட்டிருந்ததை நான் கண்டேன். பின்னியவளுடைய பெயரின் முதலெழுத்துகளாக இருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கிழவி தன் பெயரில் இரண்டெழுத்தை மட்டும் அனுப்பிவைத்திருக்கிறாள் என்ற நினைவு அன்றிரவு நெடுநேரம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆயினும் வாங்குகிற சபையாக மட்டும் எங்கள் சபை இருந்ததில்லை. வீடுதோறும் அடுப்பங்கரையில் ஒரு சிறு மண்கலயம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் களைந்துபோடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை அதில் போட்டுவைத்து, வாரம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அறுப்பின் பண்டிகையன்று பூசணிக்காயும், கரும்புக் கட்டும், கால் கட்டிய சேவலும், வாழைத்தாரும், ஒரு வீட்டில் முதன்முதலாக இட்ட முட்டையும்கூடப் பீடத்தின்முன் வந்து சேரும். ஆராதனைக்குப் பின் அவை ஏலம் போகும். ஒருவர் ஏலத்தில் எடுத்த பொருளைத் தாம் கொண்டுபோகாமல் "மறு ஏலம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதும், அதே பூசணிக்காய் நாலு கை மாறி நாலு விலை பெறுவதும் அங்கே சகஜம். அந்தப் பணமே எங்கள் தகப்பனாரின் மூன்று பத்திகளுக்கும் ஆதாரம்.

மலை ஊழியம் என்ற பத்தி கல்வராயன் மலையைக் குறிப்பது. கள்ளக்குறிச்சியில் எந்த வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் மேற்கே நீலமாகப் படுத்திருக்கும் அந்த மலை தெரியும். தெரிகிறதே தவிர, என் சிறுவயதில் அங்கே போய்வந்தவர்கள் ஊரில் மிகச் சிலர். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பகுதியான அது ஒரு பக்கம் சேலத்தையும் மறுபக்கம் எங்களையும் நோக்கிச் சரிவது. அதில் குடியிருப்பவர்கள் மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடிகள். கேரளத்தாரோடு சம்பந்தமில்லாதவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். கீழே சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து வருஷங்கள் பல சென்றபின்னும், மேலே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பட்டங்களை உடைய ஜாகீர்தாரர்களின் ஆளுகைதான். உழுத நிலத்துக்குப் பட்டா கிடையாது. வரியும் ஊழியமும் மட்டும் உண்டு. சர்க்கார் அந்த ஜாகீர்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது 1976இல். அதாவது, நான் முதன்முதல் மலையேறி ஏறக்குறையப் பத்து வருஷங்களுக்குப் பிறகு.

கோமுகி அணை கட்டி முடிந்திருந்த சமயம் அது. எனக்குப் பதினான்கு வயது. விடியற்காலையில் இரட்டைமாட்டு வண்டியில் புறப்பட்டு, கச்சிராயபாளையத்தில் இட்டிலி தின்று, புதிய அணையின் கரையில் நின்று அவ்வளவு தண்ணீரை முதன்முறையாகப் பார்த்துப் பிரமித்து, பிறகு வண்டியை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கினோம். ஐயர், எங்கள் தகப்பனார், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா, மூட்டை சுமக்க இருவர், நான். மூங்கிற்காடு கடந்து, கடுக்காய் மரங்கள் நின்ற ஒரு மேட்டில் இளைப்பாறி, பொழுது சாயுமுன் வெள்ளிமலைக்குச் சமீபத்தில் ஒரு சிற்றூரை அடைந்தபோது, மூங்கிற்பிளாச்சில் மண் பூசிய சுவரும் தரையைத் தொடுமளவு தாழ்ந்த புற்கூரையும் உடைய இருபது வீடுகள் தெரிந்தன. சரிவெல்லாம் சாமைப்பயிர். காற்றடிக்கும்போது ஒரு மிருகத்தின் மயிர் சிலிர்ப்பதுபோல மலையே சிலிர்த்தது.

அந்தப் பிரயாணத்தில் நாங்கள் கொண்டுபோன பொருள்களில் முக்கியமானவை ஆறு கம்பளிக் கோட்டுகள். தூரதேசத்துப் பார்சலில் வந்தவை. கள்ளக்குறிச்சி வெயிலில் எவரும் அணிய முடியாதவை. மார்கழியில் மலைமேல் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டு, இவை அவர்களுக்கென்றே வந்தன என்று சபையார் தீர்மானித்து அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர் அவற்றை மிக்க மரியாதையுடன் பெற்றுக்கொண்டார். ஒன்றை அணிந்தும் காட்டினார். முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டில் அவர் நின்ற நிலையைக் கண்டு ஐயருக்கே கண் கலங்கிற்று. மூன்று மாதம் கழித்து நாங்கள் மறுபடி சென்றபோது, அந்தக் கறுப்புக் கோட்டு சாமைக்கொல்லையின் நடுவே ஒரு கழியில் மாட்டப்பட்டு, தலைக்கு ஒரு சட்டி கவிழ்க்கப்பட்டு, இரு கைகளையும் விரித்துக்கொண்டு எங்களை வரவேற்றது. ஐயர் திகைத்து நின்றதைப் பார்த்த பெரியவர் சற்றும் வெட்கப்படாமல், "மனுசன் போட்டா வேர்க்குதுங்க ஐயரே. அதுக்குப் போட்டதுலேர்ந்து பன்னி வர்றதில்லை" என்றார்.

எங்கள் தகப்பனார் சிரித்த சிரிப்பு எதிர்மலையில் எதிரொலித்தது. ஐயரும் சிரித்தார், ஆனால் அன்றிரவு அவர் நெடுநேரம் யோசனையில் இருந்தார். காலையில் பெரியவரை அழைத்து உட்காரவைத்து, அதுவரை எங்களில் ஒருவரும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்: உங்களுக்கு என்ன வேண்டும்? அவர் உடனே பதில் சொல்லிவிடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்களைக் கலந்துகொண்டு வந்து, மூன்று விஷயங்களைச் சொன்னார். உப்பு வேண்டும், பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து வேண்டும், மூன்றாவதாக, தாலுகாக் கச்சேரிக்கு அனுப்ப ஒரு கடுதாசி எழுதித் தரவேண்டும்.

பிறருக்கு உபகாரம் செய்வதைப் பற்றி எங்கள் ஜில்லாவிலேயே நடந்த ஒரு பழைய சம்பவத்தை எங்கள் தகப்பனார் இறங்கி வரும் வழியில் எனக்குச் சொன்னார். 1909இல் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவராக இந்தியாவுக்கு வந்த அன்னே மேரி பெட்டர்சன் என்ற மாது, இத்தேசத்துப் பெண்பிள்ளைகளுக்கு இத்தேசத்து முறையிலேயே கல்வி கொடுக்கவேண்டும் என்ற கொள்கையால் மிஷனைவிட்டு விலகி, பரங்கிப்பேட்டையில் சேவாமந்திர் என்ற பெண்கள் பள்ளியை நிறுவினார். அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் மகாத்மா காந்தி, வருஷம் 1921. அந்த அம்மையாரைப் பற்றிச் சபைகளில் அந்நாளில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன என்று சொல்லி, "கோட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் வேண்டும்; அது இங்கே பொருந்தாது என்று சொல்கிறவர்களும் வேண்டும். அந்த அம்மாள் இரண்டாவது வகை" என்றார்.

அதன்பின் மலை ஊழியப் பத்தியின் போக்கே மாறிவிட்டது. உப்பு மூட்டை, கந்தகக் களிம்பு, ஊதா மருந்து, மண்ணெண்ணெய், வெள்ளைக் காகிதம், மனுவுக்கு ஒட்டும் முத்திரை வில்லை என்பவையே மாதந்தோறும் அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு முறையும் நர்சம்மா ஒரு பக்கம் சிரங்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டி மருந்து பூசிக்கொண்டிருப்பார். மறுபக்கத்தில் ஒரு பலாமரத்தடியில் எங்கள் தகப்பனார் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, 'மகா கனம் பொருந்திய' என்று தொடங்கும் மனுக்களை எழுதிக்கொண்டிருப்பார். அவற்றால் விளைந்த பிரயோஜனம் சொற்பமே. ஆனால் கைநாட்டு வைப்பதற்கு வெட்கப்பட்டுத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொள்ள வந்த ஏழெட்டு இளைஞர்களுக்கு அந்தப் பலாமரத்தடி பள்ளிக்கூடமாயிற்று.

இதைச் சபையில் எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரு வருஷாந்தரக் கூட்டத்தில், நல்ல மனமும் கடுமையான நாவும் உடைய மூப்பர் ஒருவர் எழுந்து, இத்தனை மாதமாக மலைக்கு உப்பு சுமந்ததில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். கூட்டம் நிசப்தமாயிற்று. அந்தக் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை. ஏனெனில் அநேகர் மனத்தில் இருந்த கேள்வி அது. ஐயர் எழுந்து, "ஒருவரும் இல்லை" என்று முதலில் தெளிவாகச் சொன்னார். பிறகு, "மருந்தை விற்கப் போகிறோம் என்று நீங்கள் தீர்மானம் நிறைவேற்றினால், அதன் விலை என்ன என்பதை நான் அடுத்த மாதம் அவர்களிடம் கேட்டு வருகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். தீர்மானம் கொண்டுவர எவரும் முன்வரவில்லை. கேள்வி கேட்ட மூப்பரே அடுத்த மாதம் ஓர் உப்பு மூட்டைக்கு உரிய பணத்தைக் கொடுத்தனுப்பினார். அவர் பெயர் வரவுப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அடைமழையில், எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் ஆளரவம் கேட்டது. நீண்ட மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதில் ஒரு பிரசவ ஸ்திரீயைக் கிடத்தி, நான்கு பேர் இரவெல்லாம் மலையிறங்கித் தூக்கி வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்த கதவு ஐயர் வீட்டுக் கதவு ஒன்றே. ஐயரம்மாவும் நர்சம்மாவும் ஓடி வந்து பார்த்து, இனி வண்டியில் ஏற்ற அவகாசமில்லை என்று கண்டு, இரண்டாம் வகுப்பு அறையின் பெஞ்சுகளை ஒன்றுசேர்த்து, வாசலில் போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். வெந்நீர் கொண்டுவருவது என் வேலை. மூன்றாவது அண்டாவைக் கொண்டுபோய் வைத்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து நர்சம்மா கையை நீட்டி, "அலமாரியில் இருக்கிற பட்டிகளை எடுத்து வா, சீக்கிரம்" என்றார். ஊக்குக் குத்திய அந்த வெள்ளைச் சுருள்களை நான் இரு கைகளிலும் அள்ளிக்கொண்டு ஓடினேன். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்டது. குஷ்டரோகிகளுக்கென்று பனித்தேசத்தில் பின்னப்பட்ட பட்டிகளால், ஒரு மலையாளிப் பெண்ணின் இரத்தப்பெருக்கு கட்டி நிறுத்தப்பட்டது. வெயில் வந்தபின் தாயையும் சேயையும் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலை எங்கள் தகப்பனார் கணக்கெழுத உட்கார்ந்து, வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வண்டிக் கூலியும் பாலும் விறகும் சேர்ந்து மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசா. அதை எந்தப் பத்தியில் சேர்ப்பது? மலைக்காரி ஆதலால் மலை ஊழியம் என்றேன் நான். அவர் தலையை அசைத்து, "நம்முடைய கூரைக்குக்கீழே பிறந்த பிள்ளை" என்று சொல்லி, உள்ளூர் தருமம் என்ற பத்தியில், 'ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும்' என்று எழுதினார்.

1971ஆம் ஆண்டில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி ஜனங்கள் எல்லை கடந்து வந்து, சேற்றிலும் மழையிலும் முகாம்களில் கிடந்த வருஷம் அது. உலக லுத்தரன் சம்மேளனத்தின் சார்பில் கூச் பிஹாரில் அகதிகளுக்கான பெரும் சேவை ஒன்று நடந்தது. சந்தால் மக்களிடையே ஊழியம் செய்த ஓலாவ் ஹோட்னே என்ற நார்வே தேசத்தார் அதை முன்நின்று நடத்தினார். நூற்றுப்பத்து ஆண்டுகளாகத் தூரதேசத்தினின்று வாங்கிவந்த நாம் இவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கை முழுவதையும் நம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கு அனுப்புவோம் என்று ஐயர் பீடத்திலிருந்து அறிவித்தார்.

பண்டிகைக்கு நானும் ஊர் வந்திருந்தேன். ஏலம் தொடங்கிச் சிறிது நேரம் சென்றிருக்கும். வாசற்படியில், தலையில் ஒரு கூடையும் இடுப்பருகே ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுமாக ஒருத்தி தயங்கி நின்றாள். கிறிஸ்தவள் அல்லள், உள்ளே வரலாமா கூடாதா என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஐயரம்மா அடையாளங்கண்டு எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். கூடையில் இருந்தது புதுச் சாமை, ஒரு படி. குத்திப் புடைத்து, கல் பொறுக்கி, தேக்கிலையில் பொதிந்தது. அவள் அதைப் பீடத்தின் அருகே, பூசணிக்காய்களுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அந்தச் சாமை மூன்றுமுறை ஏலம் போயிற்று. கரும்பு வியாபாரி ஒருவர் முதலில் எடுத்து மறு ஏலத்துக்கு விட்டார். ஞானஸ்நானக் கணக்குக் கேட்ட மூப்பர் இரண்டாவதாக எடுத்து அவரும் விட்டார். மூன்றாவதாகக் கோயிற்பிள்ளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மொத்தம் ஒன்பது ரூபாய் இருபத்தைந்து பைசா. ஐயர் இந்தச் சந்தர்ப்பத்தை வைத்து ஒரு பிரசங்கம் செய்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தகப்பனாரைப் பார்த்து, "எழுதிக்கொள்ளுங்கள், வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார்.

தகப்பனார் அவளை மேசையருகே அழைத்துப் பெயர் கேட்டார். அவள் புருஷன் பெயரை மகன் வாயால் சொல்லவைத்தாள். "அது இல்லை அம்மா, உன் பேர்" என்றார். "எம் பேரு எதுக்குங்க வாத்தியாரய்யா?" என்று அவள் கேட்க, "கொடுத்தவர் பேரை எழுதாமல் விடக்கூடாது" என்று அவர் பதில் சொன்னார். அவள் தலை குனிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள். அவர் அதை எழுத்துக்கூட்டி, நிதானமாக, மற்றவற்றைக் காட்டிலும் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினார். பணம் எங்கே போகிறது என்று அவள் விசாரித்தாள். வெகு தூரம் வடக்கே, வீடு வாசல் இழந்தவர்களுக்கு என்றார் ஐயர். "அங்கயும் மலைங்களா?" என்றாள். மலையில்லை, எங்கு பார்த்தாலும் ஆறும் வெள்ளமும் என்று கேட்டதும், அவள் முகத்தில் உண்மையான கவலை தோன்றியது. "அப்ப அவங்களுக்குச் சாமை விளையாதே" என்றாள்.

அதற்குப் பிறகு காலம் வேகமாகச் சென்றுவிட்டது. 1976இல் ஜாகீர்கள் முடிந்தன. மலைக்குச் சாலை வந்தது, பேருந்து வந்தது, உண்டுறைப் பள்ளிகள் வந்தன. தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரமாகி, விழுப்புரம் பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பலியானபோது, தேசமெல்லாம் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டது. கூடவே கல்வராயன் மலையின் பெயரையும் சாராயத்தோடு சேர்த்தே கேட்டது. அம்மலை ஜனங்களின் வாழ்க்கை நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும் அதன்பின்தான். சாவு வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோன பல கூட்டத்தாருள் நாங்களும் இருந்தோம். கருணாபுரத்துத் தெருவில் மூட்டையோடு நின்றபோது, என்னோடு வந்திருந்த இளைஞன் ஒருவன், பயனாளிகளின் பெயர்ப் பட்டியலும் புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்டதற்கு அங்கே நின்று பதில் சொல்ல இயலவில்லை. ஆகையால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தகப்பனாரின் கணக்குப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கரையான் ஓரங்களைத் தின்றிருக்கிறது, எழுத்துகள் பழுத்துவிட்டன. அந்தப் பெண் அதில் இரண்டு இடங்களில் இருக்கிறாள். உள்ளூர் தருமப் பத்தியில், மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசாவுக்கு எதிரே, அவளுக்குப் பெயர் இல்லை. 1971 அறுப்பின் பண்டிகை வரவில், 'சாமை, படி ஒன்று, ஏலம் ரூ. 9.25' என்பதற்கு எதிரே, அவள் பெயர் முழுமையாக இருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை.